மூச்சடக்கி மூழ்குதலுக்கு முந்தைய உணவும் நீரும்

மூச்சடக்கி மூழ்குதல் என்பது காற்றுக்கலன் எதுவும் இன்றி, ஒரே மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டு நீருக்கடியில் செல்வதாகும். இது ஃப்ரீ டைவிங் என்ற பெயரில் இன்று விளையாட்டாகவும், முத்து, சங்கு, கடற்பாசி, சிப்பி முதலியவற்றைச் சேகரிக்கும் தொழிலாகப் பல நூற்றாண்டுகளாகவும் இருந்து வருகிறது. மூழ்குபவர் நீருக்குள் இருக்கும் வரை, உடலில் ஏற்கெனவே சேர்ந்துள்ள ஆக்சிசனை மட்டுமே பயன்படுத்த முடியும். அந்த ஆக்சிசன் எவ்வளவு விரைவாகச் செலவாகும், நுரையீரல் எவ்வளவு நிறையும், காதில் அழுத்தம் சமமாகுமா என்பவற்றை மூழ்குவதற்கு முன் உண்டதும் பருகியதும் ஓரளவு தீர்மானிக்கின்றன. எனவே எதை உண்பது என்பதோடு, எப்போது உண்பது, எவ்வளவு நீர் பருகுவது என்பனவும் இத்துறையில் முக்கியமானவை.

உடலியல் அடிப்படை

ஆக்சிசன் இருப்பும் செலவும்

வளர்ந்த ஒருவரின் உடலில் நுரையீரல், குருதி, தசை ஆகியவற்றில் சேர்ந்திருக்கும் ஆக்சிசன் ஏறத்தாழ 2 லிட்டர். ஓய்வாக இருக்கும்போது உடல் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிசனைச் செலவிடுகிறது. இருப்பு முழுவதையும் பயன்படுத்த முடியாது. அதன் அளவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மூளை செயலிழந்து மயக்கம் வரும்.

முகம் நீரில் பட்டு மூச்சு அடங்கியவுடன் பாலூட்டிகளின் உடலில் ‘மூழ்கு எதிர்வினை’ தோன்றுகிறது. இதயத்துடிப்பு குறைகிறது. கை, கால், தோல் ஆகியவற்றுக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்திற்கும் முன்னுரிமை கிடைக்கிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களைக் குருதியில் கலக்கிறது. இவை யாவும் ஆக்சிசனைச் சிக்கனமாகச் செலவிட உடல் மேற்கொள்ளும் ஏற்பாடுகள். நிறைந்த வயிறு இந்தச் சிக்கனத்திற்கு எதிராக வேலை செய்கிறது.

செரிமானத்தின் செலவு

உணவு உண்டபின் இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் குருதி அதிகரிக்கிறது. உணவைச் செரித்து, உறிஞ்சி, சேமிக்க உடலுக்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்கு ஆக்சிசன் வேண்டும். புரத உணவில் கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை அதைச் செரித்துப் பயன்படுத்துவதற்கே செலவாகிறது. மாவுச்சத்துக்கு இச்செலவு 5 முதல் 10 விழுக்காடு. கொழுப்புக்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். உண்டபின் உடலின் ஆக்சிசன் செலவு 10 விழுக்காடு கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்திற்கு 25 மில்லிலிட்டர் கூடுதலாகச் செலவாகும். 3 நிமிட மூச்சடக்கலில் இது 75 மில்லிலிட்டர். ஓய்வு நிலையில் அது 18 நொடிக்கான ஆக்சிசன். நிலத்தில் 18 நொடி பெரிதல்ல. நீருக்கடியிலிருந்து மேலே வந்துகொண்டிருப்பவருக்கு அது பெரிய வேறுபாடு.

உதரவிதானமும் இரைப்பையும்

முழு மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கிறது. அதற்குக் கீழேதான் இரைப்பை உள்ளது. இரைப்பை நிறைந்திருந்தால் உதரவிதானம் முழுமையாக இறங்க முடியாது. மேலும், மூழ்குபவர் தலைகீழாகவே கீழே செல்கிறார். அப்போது இரைப்பையிலுள்ள உணவும் அமிலமும் உணவுக்குழாய்க்குள் வழிந்து நெஞ்செரிச்சல், குமட்டல், வாந்தி ஏற்படலாம். நீருக்கடியில் வாந்தி வந்தால் குரல்வளை இறுகி மூச்சுத்திணறும். வெளிவந்தது மூச்சுக்குழாய்க்குள் செல்லவும் கூடும். செரிமானச் செலவைவிட இதுவே உடனடி ஆபத்து.

மாவுச்சத்தும் கொழுப்பும்

உடல் எந்த எரிபொருளைப் பயன்படுத்துகிறது என்பதும் மூச்சடக்கலைப் பாதிக்கிறது. குளுக்கோசு மூலக்கூறு ஒன்று எரிய 6 ஆக்சிசன் மூலக்கூறுகள் தேவை. 6 கரியமில வாயு மூலக்கூறுகள் வெளியாகும். அதாவது விகிதம் 1. கொழுப்பு அமிலமான பால்மிட்டிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 ஆக்சிசன் மூலக்கூறுகள் தேவை. 16 கரியமில வாயு மூலக்கூறுகளே வெளியாகும். விகிதம் ஏறத்தாழ 0.7.

மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் கரியமில வாயுவின் பெருக்கமே. எனவே கொழுப்பு எரியும் உடலில் அத்தவிப்பு சற்றுத் தாமதமாக வரும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு லிட்டர் ஆக்சிசனைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து சுமார் 5 கிலோகலோரி பெறலாம். கொழுப்பிலிருந்து சுமார் 4.7 கிலோகலோரிதான் கிடைக்கும். ஆக்சிசனைச் சிக்கனப்படுத்துவதில் மாவுச்சத்து முந்துகிறது. கரியமில வாயுவைக் குறைப்பதில் கொழுப்பு முந்துகிறது. தவிப்பு தாமதமாவதை மட்டும் நன்மையாகக் கருதுவது தவறு. அது மேலே வரச் சொல்லும் எச்சரிக்கை மணி.

வெறும் வயிறும் மூச்சடக்கலும்

உண்ணாமல் மூச்சடக்குவது பற்றி சுவீடனில் எரிக்கா சகாத்தாய், ஏஞ்சலிகா லோடின்-சுண்ட்சுட்ரோம் ஆகியோர் செய்த ஆய்வு 2014-ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி மிக்க 10 மூழ்குநர்கள் ஒரு நாள் சுமார் 13 மணி நேரம் உண்ணாமலும், மற்றொரு நாள் உண்டு ஒன்றரை மணி நேரம் கழித்தும் அசையாமல் மூச்சடக்கினர். உண்ட நாளில் அவர்களின் சராசரி உச்ச நேரம் 3 நிமிடம் 51 நொடி. உண்ணாத நாளில் 4 நிமிடம் 41 நொடி. மூச்சடக்கலின் முடிவில் குருதியின் ஆக்சிசன் நிறைவு இரு நாட்களிலும் ஒரே அளவில் இருந்தது.

இம்முடிவைப் பொருள்கொள்ளும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பங்கேற்றவர்கள் தேர்ந்தவர்கள். புதிதாகப் பயில்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. இரண்டு, சோதிக்கப்பட்டது அசையாத நிலை. ஆழத்திற்கு நீந்திச் சென்று திரும்பும்போது தசைகள் உழைக்கின்றன. அவற்றுக்குச் சேமிப்பு மாவுச்சத்தான கிளைக்கோசன் தேவை. மூன்று, சோதனை சில மூச்சடக்கல்களோடு முடிந்துவிட்டது. பல மணி நேரம் கடலில் இருப்பவருக்குக் குளிரும் களைப்பும் கூடுகின்றன. வெறும் வயிறு அவற்றை இன்னும் கூட்டும்.

மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாறைகளிலிருந்து பாசியைப் பறிக்கும் இவர்கள் ஒரே நாளில் பலமுறை மூழ்குகின்றனர். இத்தகைய உழைப்பாளிக்குப் பட்டினி உதவாது. எளிதில் செரிக்கும் உணவும், அதற்குப் பிறகு போதிய இடைவெளியுமே தேவை.

உண்ணும் நேரம்

வெறும் நீர் இரைப்பையை விரைவில் கடந்துவிடுகிறது. மாவுச்சத்து மிகுந்த சிறிய உணவுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். பருப்பு, காய், சோறு கலந்த முழு உணவுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயும் இறைச்சியும் மிகுந்த உணவு அதற்கும் மேல் தங்கும். இதைக் கொண்டு பொதுவாகப் பின்பற்றப்படும் கால வரிசை வருமாறு:

- முதல் நாள் இரவு: சோறு, சப்பாத்தி, கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவு, அளவான புரதம், வேகவைத்த காய். பின்னிரவில் உண்பதையும் மதுவையும் தவிர்த்தல்.
- மூழ்குவதற்கு 3 முதல் 4 மணி நேரம் முன்: முழு உணவு உண்பதாயின் இதுவே கடைசி நேரம்.
- 2 மணி நேரம் முன்: கஞ்சி, இரண்டு இட்லி, வாழைப்பழம் போன்ற சிற்றுணவு.
- கடைசி 1 மணி நேரம்: திட உணவு இல்லை. சிறு சிறு மிடறாக நீர் மட்டும்.
- மூழ்கல்களுக்கு இடையே, நீண்ட நாளாயின்: சிறிய துண்டு பழம், பேரீச்சம் பழம், நீர். உண்டபின் மீண்டும் ஆழமாகச் செல்லும் முன் ஓய்வு.
- முடிந்த பின்: மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த முழு உணவு.

ஒவ்வொருவரின் செரிமானமும் வேறுபடும். அதனால் புதிய உணவைப் போட்டி நாளிலோ ஆழக் கடலிலோ முதன்முறையாக உண்டு பார்ப்பது முறையன்று. பயிற்சி நாட்களில் பழகிய உணவே மூழ்கும் நாளுக்கும் ஏற்றது.

தவிர்க்கத்தக்கவை

வளிமம் உண்டாக்கும் உணவும் பானமும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. பாயில் விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடக்கூட வளிமத்தின் பருமன் குறைகிறது. வயிற்றில் ஏற்கெனவே இருந்த வளிமம் கீழே செல்கையில் சுருங்கி, மேலே வருகையில் பழைய அளவுக்கு விரியும். சோடா முதலிய குமிழிப் பானங்கள், மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோசு போன்றவை தரும் வளிமம் உப்புசத்தை உண்டாக்கி முழு மூச்சுக்குத் தடையாகிறது.

ஆழத்தில் விழுங்கும் காற்று இன்னும் தொல்லை தரும். காதழுத்தத்தைச் சமப்படுத்தும்போது சிலர் அறியாமல் காற்றை விழுங்குவதுண்டு. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 வளிமண்டல அளவு. அங்கு 100 மில்லிலிட்டர் காற்றை விழுங்கினால், மேற்பரப்பை அடையும்போது அது 300 மில்லிலிட்டராகும். ஏற்கெனவே உப்பிய வயிற்றில் இது வலியையும் ஏப்பத்துடன் உணவு மேலெழுவதையும் உண்டாக்கும்.

எண்ணெயும் காரமும்

பூரி, வடை, பரோட்டா போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் இரைப்பையில் நெடுநேரம் தங்குகின்றன. மிளகாய், புளிப்பு மிகுந்த உணவு தலைகீழ் நிலையில் நெஞ்செரிச்சலைத் தூண்டக்கூடும். மூழ்கும் நாள் காலையில் இவற்றைத் தவிர்ப்பது நன்று.

பாலும் சளியும்

பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவை சளியைப் பெருக்கிக் காதழுத்தச் சமன்பாட்டைக் கெடுக்கும் என்பது மூழ்குநர்களிடையே பரவலான நம்பிக்கை. பால் அருந்துவது சளிச் சுரப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. பால் உமிழ்நீருடன் கலக்கும்போது தொண்டையில் தடித்த படலம் போன்ற உணர்வு ஏற்படுகிறது. அதையே பலர் சளியாக உணர்கின்றனர். அந்த உணர்வே ஒருவருக்குத் தொல்லையாயின் அன்றைய காலை பாலைத் தவிர்க்கலாம். பால்சர்க்கரை செரிக்காதவர்கள் வயிற்று உப்புசம் கருதித் தவிர்ப்பது அவசியம்.

உண்மையிலேயே சளி பிடித்திருக்கும்போது மூழ்கவே கூடாது. மூக்கடைப்பு நீக்கும் மருந்தை உட்கொண்டு மூழ்கினால், அதன் விளைவு நீருக்கடியில் முடிந்து, மேலே வரும்போது காதில் காற்று அடைபட்டு வலியும் காயமும் ஏற்படக்கூடும்.

நீர்

நீரில் இருப்பவருக்கு நீரிழப்பு ஏற்படும் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அதுவே நடக்கிறது. உடல் நீரில் அமிழ்ந்ததும் வெளி அழுத்தத்தாலும் குளிராலும் கைகால்களிலுள்ள குருதி மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிவடைகின்றன. குருதியின் அளவு கூடிவிட்டதாக உடல் கருதி, சிறுநீரகத்தின் வழியே நீரை வெளியேற்றுகிறது. நீரில் இறங்கியவுடன் சிறுநீர் முட்டுவது இதனால்தான். இத்துடன் படகில் வெயிலில் காத்திருப்பது, இரப்பர் உடைக்குள் வியர்ப்பது, கடற்காற்று ஆகியவையும் சேர்ந்து உடல் நீரைக் குறைக்கின்றன.

நீர் குறைந்தால் களைப்பும் தலைவலியும் வரும். மூக்கு, தொண்டைச் சவ்வுகளின் கசிவு கெட்டியாகிக் காதழுத்தத்தைச் சமப்படுத்துவது கடினமாகும்.

இதற்குத் தீர்வு, படகேறும் முன் ஒரே மூச்சில் ஒரு குடுவை நீரைக் குடிப்பதன்று. அது வயிற்றை நிரப்பிப் பின்னர் சிறுநீராக வெளியேறிவிடும். முதல் நாளிலிருந்தே சீராகப் பருக வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது போதிய நீருக்கு எளிய அடையாளம். அடர் மஞ்சள் குறைவைக் காட்டுகிறது. நீண்ட நாளாயின் வெறும் நீருடன் சிறிது உப்பும் தேவை. இளநீர், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், உப்புசர்க்கரைக் கரைசல் ஆகியவை பொருத்தமானவை. அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் குருதியிலுள்ள சோடியம் குறைந்து குழப்பமும் வாந்தியும் வரலாம்.

சிறுநீர் கழிக்கச் சிரமப்பட வேண்டியிருக்கும் என்பதற்காகவே நீர் குடிப்பதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. படகுகளில் கழிவறை வசதி இல்லாத பெண்களுக்கு இது உண்மையான இடர்ப்பாடு. பயிற்சி நடத்துவோர் இதற்கு ஏற்பாடு செய்வது பாதுகாப்பின் ஒரு பகுதியே.

காப்பி, தேநீர், மது

காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் உடலின் ஆற்றல் செலவைச் சற்றுக் கூட்டுகிறது. சிலருக்குப் படபடப்பையும் தருகிறது. அமைதியான மனமும் மெதுவான இதயத்துடிப்பும் வேண்டிய மூச்சடக்கலுக்கு இது ஏற்றதன்று. எனினும் நாள்தோறும் காப்பி குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் தலைவலி வரும். அத்தகையோர் மூழ்கும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே சிறிது சிறிதாகக் குறைத்து வருவது நல்லது.

மதுவுக்கு இத்தகைய விட்டுக்கொடுத்தல் இல்லை. அது நீரிழப்பை உண்டாக்குகிறது. தூக்கத்தைக் கெடுக்கிறது. தோலின் குருதிக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை இழக்கச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுக்கும் திறனை மங்கச் செய்கிறது. முதல் நாள் இரவிலிருந்தே மதுவைத் தவிர்க்க வேண்டும்.

பீட்ரூட்

பீட்ரூட்டிலும் கீரைகளிலும் நைட்ரேட்டு மிகுந்துள்ளது. உடலில் இது நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குருதிக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2012-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு ஒன்றில், பீட்ரூட் சாறு அருந்திய மூழ்குநர்களின் அசையா மூச்சடக்கல் நேரம் சுமார் 11 விழுக்காடு கூடியது. ஆனால் நைட்ரேட்டைக் கொண்டு பின்னர் நடந்த மற்றோர் ஆய்வு மாறான முடிவைத் தந்தது. எனவே பீட்ரூட் நல்ல காய்கறி என்ற அளவில் உணவில் சேரலாம். மூச்சை நீட்டிக்கும் மருந்தாகக் கருதுவதற்கில்லை.

கடற்குமட்டல்

படகின் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு முற்றிலும் காலியான வயிறும் முற்றிலும் நிறைந்த வயிறும் ஒவ்வாதவை. உலர்ந்த ரொட்டி அல்லது பிசுகோத்து, இஞ்சி ஆகியவை பலருக்கு உதவுகின்றன. குமட்டலைத் தடுக்கும் மாத்திரைகள் பல தூக்கக் கலக்கம் தருபவை. மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உட்கொண்டு மூழ்கக் கூடாது. வாந்தி எடுத்தவர் உடல் நீரையும் உப்பையும் இழந்திருப்பார் என்பதால் அன்று மீண்டும் மூழ்காமல் இருப்பதே நல்லது.

மரபுவழி மூழ்குநர்களின் வழக்கம்

பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்போர் காலையில் சில பேரீச்சம் பழங்களும் சிறிது காப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் மூழ்கினர். சோறும் மீனும் கொண்ட முதன்மை உணவு மாலையில் வேலை முடிந்த பிறகே. வயிறு நிறைந்தால் மூழ்க முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் காய்கறியும் பழமும் குறைந்த அந்த உணவு மாதக்கணக்கில் நீடித்ததால், வைட்டமின் சி குறைவால் வரும் சொறிகரப்பான் நோய் அவர்களை வருத்தியது.

தென்கொரியாவின் சேசூ தீவில் ஏன்யோ எனப்படும் பெண்கள் சிப்பி, கடற்பாசி முதலியவற்றை மூழ்கி எடுக்கின்றனர். இவர்களது பண்பாடு 2016-இல் யுனெசுகோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரப்பர் உடை வருவதற்கு முன் பருத்தி உடையுடன் குளிர்ந்த கடலில் இறங்கிய கொரிய மூழ்கு பெண்களை சுக் கி ஆங், எர்மன் ரான் ஆகியோர் ஆராய்ந்து 1967-இல் எழுதினர். மூழ்காத பெண்கள் நாளொன்றுக்குச் சுமார் 2,000 கிலோகலோரி உண்டபோது, மூழ்கிய பெண்கள் சுமார் 3,000 கிலோகலோரி உண்டனர். கடல் பறித்த வெப்பத்தை உணவால் ஈடுசெய்தனர் என்பது இதன் பொருள்.

தூத்துக்குடி, மன்னார்க் கடலிலும் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு முத்தும் சங்கும் குளித்தவர்கள் இருந்தனர். தூத்துக்குடியில் 1961-க்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

நீண்டகால உணவு

ஒரு நாள் உணவைவிடப் பல மாத உணவே ஆக்சிசன் இருப்பைத் தீர்மானிக்கிறது. குருதியில் ஆக்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கும், தசையில் அதைச் சேமிக்கும் மயோகுளோபினுக்கும் இரும்புச்சத்து தேவை. இரும்புச்சத்துக் குறைவு உள்ளவரின் குருதி எத்தனை பயிற்சி செய்தாலும் போதிய ஆக்சிசனைச் சுமக்காது. மீன், இறைச்சி, ஈரல், கீரை, பயறு ஆகியவற்றில் இரும்பு உள்ளது. தாவர உணவிலுள்ள இரும்பை உறிஞ்ச எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றின் வைட்டமின் சி உதவுகிறது. உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கிறது. மாதவிடாய் உள்ள பெண்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

உணவால் தீராத ஆபத்து

எந்த உணவும் நீருக்கடி மயக்கத்தைத் தடுப்பதில்லை. மூழ்குவதற்கு முன் வேகமாகவும் ஆழமாகவும் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்து, தவிப்பு தோன்றும் முன்பே ஆக்சிசன் தீர்ந்து மயக்கம் வரும். நெடுநேரம் உண்ணாமல் இருப்பவரும் தவிப்பு தாமதமாக வருவதைத் தம் திறமையின் வளர்ச்சி என்று தவறாக எண்ணக்கூடும். கிணற்றிலும் குளத்திலும் “யார் அதிக நேரம் உள்ளே இருப்பது” என்று போட்டியிடும் சிறுவர்களுக்கும் இது பொருந்தும்.

நீரிழிவு, வலிப்பு, இதய நோய், இரைப்பைப் புண் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரின் ஒப்புதல் இன்றி இதில் ஈடுபடக் கூடாது. இன்சுலின் பயன்படுத்துபவருக்கு உண்ணாமல் மூழ்குவது நேரடி உயிராபத்து. குருதிச் சர்க்கரை குறைந்து வரும் மயக்கமும் ஆக்சிசன் குறைந்து வரும் மயக்கமும் நீருக்குள் ஒரே முடிவையே தரும்.

மூழ்குபவரை நீருக்கு மேலிருந்து கண்காணிக்கவும், மயங்கினால் உடனே முகத்தை நீருக்கு வெளியே தூக்கிப் பிடிக்கவும் பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். தனியாக மூழ்கக் கூடாது என்பதே இத்துறையின் முதல் விதி. உணவும் நீரும் பற்றிய விதிகள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.